ரத்தினபாயின் படம் திறக்காத விவகாரம்

ராஜகீழ்ப்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சான் அசரியாவுக்கு அத்தான் தனசிங் எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நான் உயிரோடு இருக்கிறேன். நாவலூரில் நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். உன் அக்கா ரத்தினபாயின் சுகத்தை அவளிடமே கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேச்சில்லை. எல்லாம் உன்னால்தான்.

தபால் ஆபீஸில் ரிட்டயர் ஆகி நிம்மதியாக இருந்தவனை, "சும்மா இருக்காதீங்க அத்தான், வெப் டிசைன் கத்துக்கோங்க, ரொம்ப ஈஸி" என்று இழுத்துவிட்டவன் நீ. சரி, சபைப் பெண்கள் சங்கச் செயலாளர் தேர்தலில் உன் அக்கா நிற்கிறாளே, படமும் நாலு வரியும் போட்டு ஒரு ப்ரொஃபைல் கார்டு செய்வோம் என்று உட்கார்ந்தேன். லேப்டாப்பில் லட்சணமாக இருந்த முகம் போனில் பூசணிக்காயாகப் பரந்தது. "என் மூஞ்சி இவ்ளோ அகலமாவா இருக்கு?" என்று பிடித்துக்கொண்டாள். இரண்டு வாரம் மல்லுக்கட்டி எந்தப் போனிலும் முகம் முகமாகவே தெரியச் செய்தேன். அதோடு விட்டாயா? "படத்துல என்ன இருக்குன்னு எழுதுங்க அத்தான், கண் தெரியாதவங்களுக்குப் போன் படிச்சுக் காட்டும், மத்தவங்களுக்குத் தெரியாது" என்றாய். தெரியாது என்று நம்பித்தானே உள்ளதை உள்ளபடி எழுதினேன்!

கார்டை இன்டர்நெட்டில் ஏற்றி, அதன் லிங்கைச் சபை வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பினேன். யார் போனிலும் படம் திறக்கவில்லை. படம் என் லேப்டாப்பிலேயே கிடக்கிறதாம், அதையும் சேர்த்து ஏற்ற வேண்டுமாம். படம் வராவிட்டால் அந்த இடத்தில் நான் எழுதியது தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னாயா, பாவி? நூற்றெண்பது பேர் படித்தார்கள்: "பச்சைப் பட்டுச் சேலையில் ரத்தினபாய். போட்டோக்காரருக்காகச் சிரிக்கிறாள். அடுத்த நிமிஷம் அவருக்கும் திட்டு விழுந்தது. யார் வேலையில் பிசகினாலும் விடமாட்டாள். முப்பத்திரண்டு வருஷமாக நானே சாட்சி."

ஆயரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்களாம். "இதுக்கு நீங்களே எனக்கு எதிரா நின்னிருக்கலாம்" என்று உன் அக்கா கதவைச் சாத்தினவள்தான். ஆறு வருஷமாக ஆசைப்பட்ட பதவி, மச்சான். என் கையாலேயே கெடுத்துவிட்டேன்.

இனி அந்த லேப்டாப்பைத் தொட்டால் என் பெயர் தனசிங் இல்லை. வந்து எடுத்துக்கொண்டு போ. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உனக்குக் கிடையாது.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்,
தனசிங்

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் தேர்தலே முடிந்துவிட்டது. உன் அக்கா ஜெயித்துவிட்டாள். பார்வையில்லாத அருள்மேரி டீச்சர் கூட்டத்தில் எழுந்து, "தேர்தல்ல நின்ன மத்தவங்க கார்டையெல்லாம் என் போன் வெறும் 'படம், படம்'னுதான் சொல்லிச்சு. ரத்தினபாய் கார்டுலதான் ஆளு எப்படின்னு தெரிஞ்சுது. நம்ம சங்கத்துக்கு இந்த மாதிரி விடாத ஆளுதான் வேணும்" என்றாராம். மற்ற நிர்வாகிகளுக்கும் கார்டு செய்யச் சொல்லி ஆயர் கேட்டிருக்கிறார். லேப்டாப்பை எடுக்க வராதே. உன் அக்காவின் படத்தையும் ஒழுங்காக ஏற்றிவிட்டேன். எழுதியதை மட்டும் மாற்றிவிடவா என்று கேட்டேன். ஒரு வாரம் கழித்து என்னிடம் வாய் திறந்தாள்: "அதுல ஒரு எழுத்தத் தொட்டுப் பாருங்க, தெரியும்!"