தட்டிக் கேட்ட கரும்பலகை

எங்கள் வீட்டில் என் தீர்மானங்கள் காலையில் பிறந்து மதியச் சாப்பாட்டுக்குள் காலமாகிவிடும். சாயங்காலம் வரை உயிரோடிருந்தது ஒன்றே ஒன்றுதான். சமையலறைக் கதவுக்குக் கறுப்பு பெயிண்ட் அடிப்பது என்ற தீர்மானம். அது பிழைத்துக்கொண்டதற்கும் என் வீரம் காரணமில்லை. மதியம் என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் போய்ச் சில வருடங்களாகின்றன. கோபித்துக்கொள்ள ஆளில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அதுவும் பாதித் தைரியம். சமையலறைப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எட்டாம் வகுப்பின் நான்கு பிரிவுகளும் என் கையில். வகுப்பறையில் நான் சிங்கம். கரும்பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பாமலே, "மூணாவது பெஞ்ச், வாயை மூடு" என்பேன். எனக்கு முதுகில் கண் என்று பிள்ளைகள் நடுங்குவார்கள். முதுகில் கண்ணெல்லாம் இல்லை. எந்த வகுப்பிலும் மூன்றாவது பெஞ்சில் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

அப்போதுதான் உலகம் முழுக்க ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்த வருடம் வந்தது. பள்ளிக்கூடத்தையும் சாத்தினார்கள். இனி வீட்டிலிருந்தே ஆன்லைன் வகுப்பு என்றார்கள். ஒரு லேப்டாப்பைக் கொடுத்து, சிங்கத்தை ஹாலில் உட்கார வைத்தார்கள்.

திரையில் பிள்ளைகள் இல்லை. கறுப்புக் கறுப்பாகச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். எல்லோரும் கேமராவை அணைத்திருந்தார்கள். "மூணாவது பெஞ்ச்" என்று அதட்டலாமென்றால் பெஞ்சே கிடையாது. ஜோக் சொன்னேன். சிரித்தார்களா, குளிக்கப் போய்விட்டார்களா, தெரியவில்லை. நாளாக ஆகக் கட்டங்களும் குறைந்தன. ஒரு நாள் வகுப்பில் எண்ணி ஏழு பேர். அதில் ஒரு கட்டத்திலிருந்து குறட்டை வந்தது.

தலைமையாசிரியை போன் செய்தார். எங்களுக்குப் 'பெரிய மேடம்'.

"சார், உங்க வகுப்புக்குப் பசங்க வர்றதில்லையாமே?"

"வர்றாங்க மேடம். வந்துட்டுப் போயிடறாங்க."

"ஒரு கம்பெனியில பாடத்தையெல்லாம் வீடியோவா எடுத்துத் தர்றாங்க. ஒரு பையன் கோட்டு போட்டுக்கிட்டு பிரமாதமா நடத்துறான். நான் ஒரு நாள் உங்க வகுப்புல வந்து உட்காருவேன். பசங்க இருந்தா நீங்க. இல்லேன்னா அந்தப் பையன்."

"அப்போ நான் மேடம்?"

"ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கங்க."

எங்கள் ஸ்டோர் ரூமில் கால் உடைந்த பெஞ்சுகளும், பாதி உலகம் நசுங்கிப்போன ஒரு பூமி உருண்டையும் இருக்கும். மூன்றாவதாக நான்.

யோசித்தேன். என் வியாதி பிடிபட்டது. கரும்பலகை இல்லாமல் எனக்குக் கணக்கு வராது. திரையில் எழுதுகிற பேனாவால் எட்டு போட்டால் எலி செத்துக் கிடக்கிற மாதிரி இருந்தது. பலகை வாங்கக் கடை திறந்திருக்கவில்லை. வீட்டில் இருந்ததிலேயே அகலமானது, வழவழப்பானது, ஜன்னல் வெளிச்சம் நேராக விழுவது சமையலறைக் கதவுதான். வாசல் கேட்டுக்கு அடித்த கறுப்பு பெயிண்ட் டப்பாவில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

இதில் இன்னொரு லாபமும் எனக்குத் தெரிந்தது. அதுவரை வகுப்பு நடக்கும்போது என் மனைவி பின்னால் வாளியோடு போவாள், துடைப்பத்தோடு திரும்புவாள். "ஏங்க, மோட்டாரை நிறுத்தினீங்களா?" என்று பாடத்தின் நடுவே கேட்பாள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பிள்ளைகள் எல்லோரும் மைக்கைத் திறந்து சிரிப்பார்கள். கதவு கரும்பலகையானால் அதைச் சாத்தியே ஆக வேண்டும். சாத்தினால் அவள் உள்ளே. நான் வெளியே, நிம்மதியாக.

ஹால் பக்கம் மட்டும் அடித்தேன். உள்பக்கம் அவள் கரண்டிகளை மாட்டுகிற கொக்கிகள் வரிசையாக இருந்தன. அதைத் தொடுகிற அளவுக்கு எனக்குத் துணிச்சல் போதாது.

அவள் எழுந்து வந்தாள். மூக்கு முதலில் வந்தது.

"என்னங்க இது?"

"கரும்பலகை."

"காலையில கதவா இருந்துது."

"இப்பவும் கதவுதான். சாத்தினாத்தான் கரும்பலகை."

"அப்போ உங்க வகுப்பு நடக்கிறப்போ நான் எங்கே?"

"உள்ளே."

"வெளியே வரணும்னா?"

"வகுப்பு முடியணும்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கப்பா அவ்வளவு கோபக்காரர். அவரே என்னை அடைச்சு வச்சதில்லை."

"நான் எங்கே அடைச்சேன்? தாழ்ப்பாள் உன் பக்கம்தானே இருக்கு?"

"அதை மட்டும் மறந்துடாதீங்க" என்றாள். சண்டை போடவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் வகுப்பு. கதவைச் சாத்திச் சாக்பீஸைக் கையில் எடுத்தேன். பழைய சிங்கம் திரும்பி வந்தது போலிருந்தது. மளமளவென்று எழுதிக்கொண்டு போனேன்.

டொக்.

கரும்பலகையே தட்டியது போலச் சத்தம். திடுக்கிட்டுப் பலகையைப் பார்த்தேன். ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று எழுதியிருந்தேன். வாத்தியாராக ஆன நாளிலிருந்து அப்படி ஒரு தப்பு நான் போட்டதில்லை. அவசரமாக அழித்து ஐம்பத்தாறு ஆக்கினேன்.

ஒரு மைக் திறந்தது. வகுப்பில் 'சந்தேகம்' என்று எல்லோரும் கூப்பிடும் பெண். எதைச் சொன்னாலும் "சார், ஒரு சந்தேகம்" என்பாள்.

"சார், ஒரு சந்தேகம். நீங்க தப்பு போட்டா போர்டு தட்டுமா?"

கறுப்புக் கட்டங்களிலிருந்து சிரிப்பு வந்தது. பாடத்தைக் கவனித்து அவர்கள் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது! மானம் போனாலும் பரவாயில்லை என்று, "ஆமாம்மா. ரொம்பக் கண்டிப்பான போர்டு" என்றேன்.

வகுப்பு முடிந்ததும் கதவைத் திறந்தேன். அவள் சாவகாசமாக ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நான் போட்ட தப்பைக் கண்டுபிடிச்சா தட்டினே?"

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பின்னே? தப்புன்னா தட்ட மாட்டாங்களா?"

"கதவுக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு எப்படித் தெரிஞ்சுது?"

"எழுதறப்போ வாய்விட்டுச் சொல்றீங்க இல்ல? அதுவும் நாலு பிரிவுக்கு நாலு தடவை. பசங்க ஒரு தடவை கேட்கிறதை நான் நாலு தடவை கேட்கிறேன்."

எனக்கு வேர்த்துவிட்டது. இத்தனை வருடமாகக் கணக்கில் இவ்வளவு ஞானமுள்ள ஒருத்தியோடா, மாதச் செலவைப் பற்றி இவ்வளவு அலட்சியமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்?

"கொஞ்சம் மெதுவாத் தட்டேன். மானம் போகுது."

"மெதுவாத் தட்டலாம். கை வலிக்காம இருந்தா. காய் வெட்டி வெட்டிக் கை வலிக்குது."

அன்றிலிருந்து காய் வெட்டுவது நான். ஒரு வாரம் கழித்து அவளுக்குத் தோள் வலித்தது. துணி உலர்த்துவதும் நான். இடுப்பு வலித்தது, வீடு துடைப்பதும் நான். கரும்பலகையின் அருளால் அவளுக்கு வலிக்காத இடமே இல்லை.

ஆனால் வகுப்பு நிறைந்தது. முதல் பிரிவு சொல்லி இரண்டாம் பிரிவுக்குத் தெரிந்தது. போர்டு எப்போது தட்டும் என்று பார்க்கவே எல்லோரும் வந்தார்கள். தட்டிவிடுமோ என்ற பதற்றத்தில் எனக்கும் தப்புகள் கூடின; தட்டியதும் தேடினால் எங்காவது ஒன்று அகப்பட்டது. பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. போர்டு தட்டுவதற்குள் தாங்களே தப்பைப் பிடித்துவிட வேண்டுமென்று போட்டி. நான் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் அவர்களும் தனியாகப் போட்டுப் பார்த்தார்கள். அதட்டி உருட்டி நான் என்றைக்கும் செய்ய வைக்காத காரியம் அது.

ஒரு நாள் பலகை தட்டியது. எங்கே தப்பு என்று எனக்குப் புரியவில்லை. போர்டு தட்டினால் தப்பு இருந்தே தீரும் என்று விடையை அழித்து வேறொன்று எழுதினேன்.

"சார், முதல்ல போட்டதுதான் சரி" என்றாள் சந்தேகம்.

"போர்டு தட்டிச்சேம்மா."

"அப்போ போர்டுதான் தப்பு சார்."

போட்டுப் பார்த்தேன். போர்டுதான் தப்பு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னையும் நம்பாமல், பலகையையும் நம்பாமல், தன் கணக்கை நம்பி ஒரு பிள்ளை பேசுகிறது! கதவைத் திறந்து மனைவியிடம் கேட்டேன்.

"ஏன் சும்மா தட்டினே?"

"பசங்க முழிச்சிருக்காங்களான்னு பார்த்தேன்" என்றாள், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என்ன ஒரு ஆசிரியை என்று மலைத்துப்போனேன்.

பெரிய மேடம் வருகிற நாள் வந்தது. திரையில் அவர் கட்டம் மட்டும் முகத்தோடு இருந்தது, கண்ணாடியோடு. முதல் நாளே மனைவியிடம் கெஞ்சியிருந்தேன்.

"நாளைக்கு மட்டும் தட்டாதே. மேடத்துக்கு முன்னாடி மானம் போனா, நேரா ஸ்டோர் ரூம்."

"சரி. விடியறதுக்கு முன்னாடியே சமையலை முடிச்சிடறேன். சத்தமே வராது."

சொன்னபடி கதவுக்கு அந்தப் பக்கம் மயான அமைதி. பாடம், அடைப்புக்குறி. பத்திலிருந்து, அடைப்புக்குள் ஏழு கழித்தல் மூன்று. பாடம் ஆறாக ஓடியது. அடைப்பை எடுத்தேன். பத்து, கழித்தல் ஏழு, கழித்தல் மூன்று. விடை பூஜ்யம். பெருமையாக அடிக்கோடு போட்டேன்.

பலகை தட்டவில்லை.

ஆனால் ஏதோ ஒரு மைக் திறந்தது. டொக். இன்னொரு மைக். டொக் டொக். மேஜையில் ஒருவன், தட்டில் ஒருத்தி, கட்டில் காலில் ஒருவன். நிமிடத்துக்குள் நாற்பது வீட்டிலிருந்து நாற்பது தட்டு. லேப்டாப் நடுங்கியது. நானும்.

"என்ன சார் சத்தம் இது?" என்றார் மேடம்.

சந்தேகம் பதில் சொன்னாள். "மேடம், சார் தப்பு போட்டா போர்டு தட்டும். இன்னைக்கு போர்டுக்கு உடம்பு சரியில்ல போலிருக்கு. அதான் நாங்க தட்டறோம். அடைப்பை எடுத்தா மூணுக்கு முன்னாடி குறி மாறணும். விடை ஆறு."

அழித்தேன். ஆறு என்று எழுதினேன். கை எழுதியதே தவிர, மனசு ஸ்டோர் ரூமில் பூமி உருண்டைக்குப் பக்கத்தில் இடம் தேடிக்கொண்டிருந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "போர்டுக்குப் பின்னாடி யாரு?"

தாழ்ப்பாள் அந்தப் பக்கம் விலகியது. கணக்கும் விடையுமாகக் கரும்பலகை உள்ளே போக, வெளியே என் மனைவி வந்து நின்றாள். நாற்பது பேரும் முதல் தடவையாகக் கேமராவைத் திறந்தார்கள். எத்தனை முகங்கள்! எல்லாரும் வளர்ந்திருந்தார்கள்.

"நீங்கதான் தப்பைக் கண்டுபிடிக்கிறதா?" என்றார் மேடம்.

"நான் எங்கேங்க கண்டுபிடிக்கிறேன்? தட்டுறதோட என் வேலை சரி. கண்டுபிடிக்கிறதெல்லாம் பசங்கதான்."

என்ன அடக்கம் என்று நினைத்தேன். மேடமும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

"சார், அந்தக் கோட்டுப் பையன் தப்பே போட மாட்டான். போட்டாலும் அவனைத் தட்டிக் கேட்க முடியாது. உங்க வகுப்பு உங்களுக்கே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடம் திறந்து எல்லோரும் நேரில் வந்த பிறகும் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். முதுகில் கண் இருப்பதாக நான் அப்புறம் நடிக்கவில்லை. அவர்களுக்கே முன்னால் கண் வந்துவிட்டது. சந்தேகம் இப்போது எங்கேயோ கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாளாம். எழுதுவதற்கு முன்னால் பிள்ளைகளிடம், "தப்பிருந்தா தட்டுங்க" என்பாளாம்.

அதெல்லாம் பின்னால். அன்று சாயங்காலம் எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஹாலில் உட்கார்ந்து முருங்கைக்காயோ எதுவோ நறுக்கிக்கொண்டே, மூடியிருந்த கதவைப் பார்த்துச் சொன்னேன்.

"நீ இல்லேன்னா இன்னைக்கு நான் ஸ்டோர் ரூம்லதான். உனக்குள்ள இவ்வளவு கணக்கு இருந்தது தெரியாம இத்தனை வருஷம்…"

டொக்.

"இப்போ என்ன தப்பு? நான் ஒண்ணுமே எழுதலையே?"

உள்ளே சிரிப்புச் சத்தம். கதவு திறந்தது. சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர்.

"கரண்டி மாட்டினேங்க. கொக்கியில."

கதவின் உள்பக்கத்தைப் பார்த்தேன். கரண்டி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"அப்போ… இத்தனை நாளும்?"

"இத்தனை நாளும் கரண்டிதான்."

"ஏழெட்டு ஐம்பத்தாறு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்களாத்தான் வந்து தப்பைக் கண்டுபிடிச்சியான்னு கேட்டீங்க. கல்யாணமான நாளா இவ்வளவு மரியாதையா எதையும் கேட்டதில்லையேன்னு, ஆமான்னுட்டேன்."

கையிலிருந்த கத்தியைப் பார்த்தேன். தட்டில் குவிந்திருந்த காயைப் பார்த்தேன்.

"அப்போ நான் வெட்டின காய், துடைச்ச வீடு, உலர்த்தின துணி?"

குனிந்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லா வந்துட்டீங்க. நாளைக்குப் பீன்ஸ்."