தோல் உரித்த கடலையும் எட்டாவது மாடியும்

வெந்த கொண்டைக்கடலை ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, தூங்கும் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுகிற அளவுக்கு மட்டும் அழுத்தினால், கடலை வழுக்கிக்கொண்டு முன்னால் போகும். தோல் விரலிலேயே தங்கிவிடும். கடலை வலது கிண்ணத்துக்கு. தோல் இடது கிண்ணத்துக்கு. பிறகு அடுத்த கடலை. இப்படி ஒரு மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சனிக்கிழமை காலை முழுவதும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒரு கடலையைக்கூட ஏமாற்றாமல் உரித்துக்கொண்டிருப்பதை நீங்கள் பார்க்க நேர்ந்தால், தயவுசெய்து 'என்ன பண்றீங்க' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கேட்டால் சொல்வார்.

ஹம்மஸ்காரர் என்கிற இனம் இதுதான். ஹம்மஸ் என்பது வேகவைத்த கடலையோடு எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு சேர்த்து மைய அரைத்து, மேலே எண்ணெய் ஊற்றி, ரொட்டியில் தொட்டுக்கொள்கிற ஒரு விழுது. அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' அவர் கண்ணில் பட்டால் இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டார்.

இனத்தை அடையாளம் காண்பது சுலபம். இவர் வீட்டில் பால் காய்ச்சப் பாத்திரம் இருக்காது. எல்லாவற்றிலும் ஏதாவது ஊறிக்கொண்டிருக்கும். குளிர்பெட்டிக் கதவில் 'திறக்க வேண்டாம், ஓய்வெடுக்கிறது' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பெற்ற பிள்ளை காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட அந்த வீட்டில் அப்படியொரு சீட்டு ஒட்டப்பட்டதில்லை. விருந்தாளி வந்தால் 'சாப்பிடுங்க' என்று சொல்லமாட்டார். 'நான் ஒண்ணும் சொல்லல, நீங்களே சொல்லுங்க' என்பார். சொல்லிவிட்டு உங்கள் தொண்டையைப் பார்ப்பார். முகத்தையல்ல, தொண்டையை. விழுங்கும்போது அது ஏறி இறங்குகிறதே, அந்த இடத்தை. நீங்கள் உடனே 'நல்லா இருக்கு' என்றால் சும்மா சொல்கிறீர்கள் என்று அர்த்தம். தாமதித்துச் சொன்னால் யோசித்துப் பொய் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டுக்கும் நடுவே மூன்று விநாடி இடைவெளி ஒன்று இருக்கிறது. அவரோடு பழகியவர்கள் அதைக் கற்று வைத்திருக்கிறார்கள்.

நம்முடைய ஹம்மஸ்காரருக்கு உத்தியோகம் லிஃப்ட் பரிசோதனை. ஊரிலுள்ள உயரமான கட்டடங்களுக்குப் போய், கம்பிவடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு ஒழுங்காக மூடுகிறதா, லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்றெல்லாம் பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற வேலை. இதற்காகச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ரசமட்டம் வைத்திருப்பார். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி நகருமே, அதுதான். வேலை நாட்களில் அது லிஃப்டை அளக்கும். சனி ஞாயிறுகளில் ஹம்மஸை. விழுதைக் கரண்டியின் முதுகால் வட்டமாக வழித்து, நடுவில் பள்ளம் பண்ணி, அதில் ஆலிவ் எண்ணெயை ஊற்றி, அந்தக் குளம் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவுக்கு வந்தால்தான் கிண்ணம் மேஜைக்கு வரும்.

பிறக்கும்போதே அவர் இப்படியில்லை. அவரை இப்படி ஆக்கியது ஒரே ஒரு சொல். அதைச் சொன்னவர் அவருடைய மாமனார்.

மாமனார் பிஸ்கட் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் ருசி பார்ப்பவராக இருந்தவர். கடித்து, மென்று, துப்பி, தலையை ஆட்டுவது உத்தியோகம். ஆட்டுவது எப்போதும் பக்கவாட்டில்தான். மகளின் கல்யாண விருந்தில் முதல் வாய் சாப்பிட்டுவிட்டு 'உப்பு' என்றார். அதிகமா குறைவா என்பதைப் பதினோரு வருடமாக யாருக்கும் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து 'பரவாயில்லை' என்ற சொல் வந்ததை மகளே இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறாள். ஒன்று, அவள் பட்டம் வாங்கியபோது. இன்னொன்று, ஒருநாள் மழை விட்டபோது.

அப்படிப்பட்டவர் எட்டு மாதத்துக்கு முன்னால், மாப்பிள்ளை விளையாட்டாக அரைத்துக் கொண்டுபோன ஹம்மஸை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, 'பரவாயில்லை மாப்பிள்ளை' என்றார்.

போதாதா? அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கிண்ணம் மாமனார் வீட்டுக்குப் போனது. மாமனார் ரொட்டியைத் தொடவேமாட்டார். கரண்டியால் வெறும் விழுதையே வழித்துச் சாப்பிடுவார். இதைவிட என்ன வேண்டும்? உண்மையான ரசிகனுக்கு ரொட்டி எதற்கு என்று மாப்பிள்ளை அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். மாமனார் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை, பேசினாலும் வாய்க்கு முன்னால் கையை வைத்துக்கொள்கிறார் என்பதையும் கவனித்தார். நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார். மனைவி மட்டும் ஒருமுறை, "ஏங்க, அப்பா சாப்பிடறாரேன்னு அதையே ரொம்ப நம்பிடாதீங்க" என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டார்.

இனி ஒரே ஒரு படிதான் பாக்கி. 'பரவாயில்லை'யிலிருந்து 'நல்லா இருக்கு'. மாமனாரின் எழுபதாவது பிறந்தநாள் அதற்கென்றே வந்தது. மனைவி முதல்நாளே அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். இவர் இரண்டு கிலோ கடலையை ஊறவைத்து, வேகவைத்து, ஒவ்வொன்றாக உரித்து, ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, ஓய்வெடுக்கவைத்து, வீட்டிலேயே குளம் வெட்டி எண்ணெயும் ஊற்றி, கண்ணாடி மூடி போட்ட பெரிய பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பகல் பன்னிரண்டரைக்கு மாமனாரின் கட்டடத்து லிஃப்டில் ஏறினார். எட்டாவது மாடி. பழைய லிஃப்ட். சுவரில் சான்றிதழ் தொங்கியது. அதில் இருந்தது இவருடைய கையெழுத்துத்தான்.

உள்ளே இன்னும் இரண்டு பேர். தோளில் சூடான பையோடு பார்சல் கொண்டுவந்த பெண் ஒருத்தி. இன்னொருவர், கோட்டுப் பையை அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்ட ஒரு வயதானவர். அவரும் எட்டாவது மாடிக்குத்தான் என்றார். பிஸ்கட்காரரின் சிநேகிதராம். பையில் இருந்த சின்ன டப்பாவை எட்டிப் பார்த்து, பிறந்தநாள் பரிசா என்று இவர் விசாரித்தார். அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் காட்டக்கூடாது என்று உத்தரவு என்றார் டப்பாக்காரர்.

ஐந்தாவது மாடியைத் தாண்டும்போது லிஃப்ட் லேசாகக் குலுங்கியது. கண்ணாடி மூடிக்குக் கீழே எண்ணெய்க் குளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கரை உடைகிற மாதிரி இருந்தது. அந்த ஒரு விநாடியில், பன்னிரண்டு வருட அனுபவமுள்ள லிஃப்ட் பரிசோதகர் ஒருவர், அவசரம் இல்லாமல் தொடக்கூடாது என்று தாமே சிவப்பில் எழுதி ஒட்டவைத்த பொத்தானை முழங்கையால் அழுத்தினார்.

லிஃப்ட் நின்றது. குளம் மெல்ல நடுவுக்கு வந்தது. 'சாஞ்சிருக்கும்' என்று முணுமுணுத்து, அவர் நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டுப் பொத்தானை விடுவித்தார்.

லிஃப்ட் கிளம்பவில்லை.

எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்துவிட்டு, அவசர மணியை அடித்தார்கள். அந்த மணி எங்கே போய் ஒலிக்கும்? இவருடைய அலுவலகத்தில்தான். சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் விடுமுறைப் பணியில் இருந்த அம்மாள் ஒருவரின் குரல் வந்தது. லிஃப்ட் தானாக நின்றதா, யாராவது நிறுத்தினார்களா என்று கேட்டது. இவர் குரலைச் சற்று மாற்றிக்கொண்டு, யாரோ நிறுத்தியிருக்கிறார்கள் என்றார். காரணம் என்ன, படிவத்தில் எழுத வேண்டும் என்றது குரல். இவர் சான்றிதழைப் பார்த்தார்.

"கடலை மாவு சாயுதாம்" என்றாள் பார்சல்காரி.

"அது மாவு இல்லம்மா" என்றார் இவர், சொந்தக் குரலில்.

ஒலிபெருக்கிக்கு அந்தக் குரல் பழக்கம். "சார், நீங்களா?" என்றது.

ஆட்கள் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும் என்று தெரிந்தது. ஒரு மணி நேரம்! ஓடிப்போக முடியாத இரண்டு பேர், நடுவில் ஒரு பாத்திரம் ஹம்மஸ். அந்த இனத்துக்கு இதைவிட வாய்ப்பு கிடைக்குமா? எள்ளை வறுக்கும்போது எந்த நிறத்தில் இறக்க வேண்டும் என்பதில் தொடங்கினார். சோடா உப்பு, ஐஸ் தண்ணீர், பூண்டை எலுமிச்சைச் சாற்றில் முதலில் ஏன் மூழ்கவைக்க வேண்டும், கடையில் டப்பாவில் விற்கிறார்களே, அதற்கு ஏன் அந்தப் பெயரையே கொடுக்கக்கூடாது. தோலுக்கு வந்தபோது பார்சல்காரி மறுபடியும் மணியை அடித்தாள். என்ன, காற்று வரவில்லையா என்று பதறியது ஒலிபெருக்கி.

"காத்தெல்லாம் வருதுங்க. பேச்சுதான் நிக்க மாட்டேங்குது."

மணி ஒன்றரை ஆயிற்று. டப்பாக்காரர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது. தனக்குச் சர்க்கரை உண்டு, வேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும் என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். மூன்று பேரும் பார்சல் பையைப் பார்த்தார்கள். அதிலிருந்து சுட்ட ரொட்டியின் வாசனை வந்துகொண்டிருந்தது. பார்சல்காரி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பார்சலைப் பிரித்தால் வேலை போய்விடும், முகவரிக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் தருவாள். எந்த முகவரி என்று கேட்டார் இவர். எட்டாவது மாடி, இன்ன வீடு என்று படித்தாள். இவருடைய மாமனார் வீடுதான். ஹம்மஸுக்குத் தொட்டுக்கொள்ள மனைவி சொல்லி அனுப்பிய ரொட்டி.

கையெழுத்துப் போட்டார். ரொட்டி கைக்கு வந்தது. இப்போது மூன்று பேரும் அந்தப் பாத்திரத்தைப் பார்த்தார்கள்.

அவர் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். எட்டு மாதத் தவம். ஒரே ஒரு 'நல்லா இருக்கு'க்காக உரித்த கடலைகள். எழுபதாவது பிறந்தநாள் இனி வராது. இன்னொரு பக்கம், தரையில் ஒரு மனிதர், உதடு காய்ந்து, வெறும் ரொட்டியைப் பிய்த்துத் தொண்டையில் இறங்காமல் இருமுகிறார்.

மூடியைத் திறந்தார். குளத்தை அவரே ரொட்டியால் உடைத்து, முதல் வாயை டப்பாக்காரருக்கு ஊட்டினார்.

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அவரும்தான். தொண்டைகளைப் பார்க்கவே மறந்துபோனார், ஏனென்றால் அவருக்கும் பசி. எட்டு மாதத்தில் அவர் தம் ஹம்மஸை ஆயிரம் தடவை நுனிவிரலால் ருசி பார்த்திருக்கிறார், ஒருநாளும் சாப்பிட்டதில்லை. இப்போது ரொட்டியைப் பெரிதாகப் பிய்த்து, அள்ளி, கன்னம் உப்ப மென்றார். பூண்டு நாக்கைச் சுட்டது. எலுமிச்சை அதைத் தணித்தது. எள் கடைசியில் வந்து தங்கியது. அட, இது நன்றாகத்தான் இருக்கிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

டப்பாக்காரரின் முகத்தில் ரத்தம் திரும்பியது. பார்சல்காரி விரலை நக்கிவிட்டு, "நல்லா இருக்கு சார். உப்பு கொஞ்சம் பத்தல" என்றாள்.

வந்துவிட்டது, அந்தச் சொல். ஆனால் வாய் மாறி வந்திருந்தது.

ஆட்கள் வந்து சரிசெய்து, லிஃப்ட் எட்டாவது மாடியை அடைந்தபோது மணி இரண்டே கால். பாத்திரத்தின் ஓரங்களை வழித்து ஒரு மூலையில் சேர்த்தால் நாலு கரண்டி தேறியது. அதை மாமனார் முன்னால் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார் மாப்பிள்ளை. மேஜையில் வேறு எத்தனையோ பதார்த்தங்கள் இருந்தன. மாமனார் எதையும் தொட்டிருக்கவில்லை, காத்திருந்தாராம். நாலு கரண்டியையும் சாப்பிட்டார். பாத்திரத்தை வழித்தார். மூடியையும் புரட்டிப் பார்த்தார். பிறகு வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "அவ்ளோதானா மாப்பிள்ளை?" என்றார்.

உலகத்தில் எந்தச் சமையல்காரருக்கும் இப்படியொரு பாராட்டு கிடைத்ததில்லை என்று மாப்பிள்ளை முடிவு செய்தார். கண் கலங்கி, பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். மாமனாரும் டப்பாக்காரரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதை அதனால் அவர் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு மூன்று கிலோ கடலை உரித்துக் கொண்டுபோனார். மாமனார் அவரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். ஹம்மஸைப் பார்த்தார். ஒற்றை விரலால் கிண்ணத்தை அரை அடி தள்ளிவைத்துவிட்டு, பக்கத்திலிருந்த வறுத்த கடலையை ஒரு கை அள்ளி வாயில் போட்டார். கடக், முடக்கென்று அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. உப்பு பத்தாததுதான் காரணம் என்று மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் உப்பு சேர்த்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் ஹம்மஸ் செய்கிறவராக இல்லாமல் இருக்கலாம். பால்கனித் தொட்டியில் நாலு தக்காளி காய்க்கவைத்திருப்பீர்கள். நேற்று எழுதிய கவிதையை நண்பனிடம் நீட்டிவிட்டு, 'நான் ஒண்ணும் சொல்லல, நீயே சொல்லு' என்று சொல்லி அவன் கண் எந்த வரியில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். யாரோ ஒருவர் எப்போதோ சொன்ன 'பரவாயில்லை'யை இன்னும் உரித்துக்கொண்டிருப்பீர்கள். அவர் ஏன் அதைச் சொன்னார் என்று மட்டும் விசாரிக்காதீர்கள்.

நம்மவர் விசாரித்தார். அந்தச் சின்ன டப்பாவில் இருந்தது மாமனார் எட்டு மாதமாகத் தள்ளிப்போட்டுச் செய்துகொண்ட புதுப் பல்செட், டப்பாக்காரருக்கு அதைச் செய்துகொடுப்பதுதான் தொழில், வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டார் என்பதையெல்லாம் மனைவி மூன்றாவது வாரம்தான் சொன்னாள். பழையது உடைந்தது, அந்த முதல் 'பரவாயில்லை'க்கு முந்தின நாளாம், ஒரு வறுத்த கடலையைக் கடித்து.