பன்றிமுடிப் பிரஷும் ஏழு தண்ணீரும்

கோப்பெங்,
9.6.1984

பாரிட் புந்தார் மளிகைக்கடை அதிபரும் என் தாய்மாமனுமாகிய திரு. பத்துமலை அவர்களுக்கு, மருமகன் கார்த்திகேசு கைகட்டி நின்று எழுதுவது. இங்கே மிளகாய், மல்லி, அடியேன் எல்லோரும் காரமான சுகம். அத்தையின் சுகத்துக்கு எழுதவும்.

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது என்னவென்றால், நம் மசாலா மில்லில் ஒரு பிரஷ் காலமாகிவிட்டது.

மெஷின் இடுக்கில் தூள் தட்டும் அந்தப் பன்றிமுடிப் பிரஷ்தான். ஹலால் கடிதம் இருந்தால்தான் நம் தூளைப் பெருநாளுக்கு வாங்குவோம் என்று உங்கள் ஊர் மலாய்க்காரக் கூட்டுறவுக் கடை சொன்னதிலிருந்து அப்பாவுக்குத் தூக்கமில்லை. பிரஷைப் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் எறியச் சொல்லி, அரைக்கிற சின்னையா அண்ணனிடம் கொடுத்தார். ஹலால் சோதனைக்கு அதிகாரி வந்தார். மரியாதைக்கு எழுந்த அண்ணன் மறுபடி சாக்கு விரித்த தன் ஸ்டூலில் உட்கார்ந்ததும் "ஐயோ!" என்று துள்ள, சாக்கு நழுவ, பிரஷ் உருண்டு அதிகாரியின் சப்பாத்துக் கால் முன்னால் மல்லாந்தது. "இது என்ன முடி?" என்றார் மலாயில். எல்லோருக்கும் மலாய் மறந்துவிட்டது. நான்தான் முன்னால் பாய்ந்து விளக்கினேன். அவர் கோபப்படவில்லை. பிரஷ் பட்ட இடத்தையெல்லாம் ஏழு தண்ணீர் கழுவுங்கள், அதில் ஒன்று மண் கரைத்த தண்ணீராக இருக்கட்டும், பிறகு வருகிறேன் என்றார். 'மண் கலக்காத மல்லித்தூள்' என்று பாக்கெட்டில் அச்சடித்து விற்கும் அப்பா, தன் கையாலேயே மெஷினுக்கு மண் குழைத்துப் பூசினார். "என்னாங்க, மெஷினுக்கு அம்மையா போட்டுருக்கு?" என்றார் அம்மா. தலைமைக் கழுவுநர் அடியேன். நேற்று ஹலால் கடிதம் வந்துவிட்டது.

அதிகாரி வந்துபோன அன்றைக்கே அப்பா, "ஏன்யா சின்னையா, எறியச் சொன்ன சாமான ஒளிச்சா வச்ச? என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டியேலா!" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையில் பல்லி தேடினேன். "மறந்துட்டேண்ணே" என்றார் அவர். "இனிமே இந்தப் பக்கம் வராத!" அண்ணன் இப்போது உங்கள் ஊரில் தன் தங்கச்சி வீட்டில் இருக்கிறாராம். வேலை கேட்டு வந்தால் சேர்க்க வேண்டாம் என்று எழுதச் சொன்னார் அப்பா. எழுதிவிட்டேன்.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கமும் ஒரு தும்மலும்.

தங்கள் மருமகன்,
கார்த்திகேசு

பி.கு: மாமா, மேலே உள்ளதை நம்பாதீங்க. "குடுங்கண்ணே, நான் எறியறேன்"னு பிரஷை வாங்கினது நான். அவர் துள்ளுறதப் பாக்க சாக்குக்கடியில வச்சதும் நான். அதிகாரிகிட்ட நான் வாயே திறக்கல, மன்னிப்புக் கேட்டது அவர்தான். நீங்க இங்க வந்து இதை அப்பாகிட்ட காட்டுங்க, எனக்கு நேர்ல சொல்ல வரல. அண்ணனுக்குச் சோறு போட்டு கோப்பெங்குக்கு பஸ் ஏத்தி விடுங்க. அவர் ஸ்டூல்ல இப்ப நான்தான் உக்காந்திருக்கேன். சாக்குக்கடியில ஒண்ணும் இல்ல. ஆனாலும் குத்துது.