அடியில் மிஞ்சிய சோடா

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சானுக்கு,

தங்கள் தங்கையின் கணவனாகிய டெய்லர் எழுதிக்கொள்வது. தங்கள் தங்கை நலம். என் நலத்தைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன்.

சோப்புக் கம்பெனியில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள் சும்மா இருந்திருக்கலாம், அதே கம்பெனியின் லேப் வேலைக்குப் பரீட்சை எழுதப்போகிறேன் என்று கிளம்பிவிட்டாள், லேப் இருப்பதோ வேறு ஊரில், நீ போய்விட்டால் நான் தனியாக என்ன செய்வேன் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, அதற்குள் புத்தகத்தை என் கையில் திணித்துக் கேள்வி கேட்கச் சொல்லிவிட்டாள். சமன்பாட்டில் இரண்டு பக்கமும் அணுக்கள் சரிக்குச் சரி இருக்க வேண்டுமாம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகிற இடத்தில் வலப்பக்கம் ஓர் ஆக்சிஜன் குறைந்தது. குறைகிற இடத்தில் ஒட்டுப் போடுவதுதானே என் தொழில்? ஆக்சிஜனின் காலடியில் சின்னதாக ஒரு 2 போட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள். எண்ணை முன்னால்தான் போடலாமாம், உள்ளே கை வைத்தால் பொருளே மாறிவிடுமாம். நான் தைத்துக் கொடுத்தது தண்ணீர் இல்லையாம், முடியை வெளுக்க வைக்கிற மருந்தாம்.

அத்தோடு விட்டாளா? எது தீரும், எது மிஞ்சும் என்று காட்டுவதற்காக பாட்டிலில் கொஞ்சம் வினிகர் ஊற்றி, சமையல் சோடா போட்ட பலூனை அதன் வாயில் மாட்டிக் கவிழ்த்தாள். நுரை பொங்கிப் பலூன் உப்பியது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளாதே, இன்னும் பெரிதாகட்டும் என்று அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பலூனைக் கழற்றினேன், நுரை தெறித்து இஸ்திரி போட்டு வைத்திருந்த வாடிக்கையாளர் கோட்டில் விழுந்தது, அதையும் பாராமல் டப்பாவில் இருந்த சோடா முழுவதையும் கொட்டினேன். ஒரு குமிழி கூட வரவில்லை.

"வினிகர் தீந்துடுச்சுங்க. இனி எவ்வளவு கொட்டினாலும் அது சும்மாதான் கெடக்கும்" என்றாள்.

அடியில் கிடந்த சோடாவைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, மச்சான். அவள் அந்த ஊருக்குப் போனபிறகு இந்த வீட்டில் நான் கிடக்கப்போவதும் அப்படித்தான்.

தாங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார். தாங்கள் சொன்னால் அவள் தட்டமாட்டாள். உடனே வந்து, இதெல்லாம் உனக்குச் சரிப்படாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

வீட்டில் அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
மிஞ்சப்போகிற மைத்துனன்

பி.கு.: கவரை ஒட்டும்போது அவள் வந்து, "அங்க கம்பெனி வீடு ரெண்டு பேருக்குன்னு கேட்டு வச்சிருக்கேன். தையல் மெஷினை எப்ப கழட்டப் போறீங்க?" என்றாள். ஆகையால் மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கட்டாயம் வாருங்கள். இரும்பு துருப்பிடிக்கிற சமன்பாட்டில் இன்னும் தடுமாறுகிறாள், உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். தையல் கடையைக் காலி செய்வதாக இப்போதுதான் கட்டடச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன். இவள் பரீட்சையில் கோட்டைவிட்டால் என் கதி என்ன, மச்சான்?