மோஸ் சாகிற காட்சியை நீ பார்க்க வேண்டாம்

அன்புள்ள தங்கை ஹானாவுக்கு, மலைமேலிருந்து அண்ணன் ஐசக் எழுதுவது. நானும் நாய் மோஸும் இருநூறு ஆடுகளும் நனைந்தபடி நலம். நீயும் மாப்பிள்ளை ஹெரால்டும் காய்ந்தபடி நலமென்று நம்புகிறேன்.

வருகிற சனிக்கிழமை உங்கள் ஊர்க் கொட்டகைக்கு நான் நடித்த படம் வருகிறதாம். தயவுசெய்து போகாதே. படம் மகா மட்டம், அழுதால் உனக்குத் தலைவலி வரும். இது போதாதென்றால் உண்மையையே சொல்லித் தொலைக்கிறேன். போன வருடம் ரோமம் கத்தரிக்கிற நேரமாகப் பார்த்து லண்டன்காரர்கள் வந்து இறங்கினார்கள், கதாநாயகனைக் கிடா இரண்டுமுறை முட்டியதில் அவன் ரயிலேறிவிட்டான், அவன் கோட்டை எனக்கு மாட்டிவிட்டார்கள். கடைசிக் காட்சியில் மோஸ் என் மடியில் சாகவேண்டும். அவனோ நான் பேசிக்கொண்டே இருந்தால்தான் அசையாமல் படுப்பான், வாயை மூடினால் எழுந்து ஆட்டைத் தேடிப் போய்விடுவான். டைரக்டர், "பெரியவரே, இது ஊமைப்படம்யா, வாய்க்கு வந்ததைப் பேசுங்க, எவன் காதுல விழப்போகுது?" என்றார். காதுக்குத்தானே பயப்படவேண்டும் என்று நானும் பேசினேன். தறிச் சத்தத்தில் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் படிக்கிற ஊர் உங்களுடையது என்பது என் மரமண்டைக்கு அப்போது எட்டவில்லையே!

என்ன பேசினேன் தெரியுமா? "டேய் மோஸ், அசையாம கெட. அந்த ஹெரால்டு இருக்கானே, வருஷா வருஷம் தங்கச்சியோட மில் லீவுக்குக் கூடவே வந்து என் நாற்காலியில உக்காந்துக்கிட்டு, முழுப் பன்னித்தொடையையும் தின்னுபுட்டு, 'மலைன்னா ஒரே மேடா இருக்கே'ன்னு குறை வேற சொல்றான் பாரு." இன்னும் இருக்கிறது, எழுதக் கை வரவில்லை. திரையில் எழுத்தில், "நண்பா, தனியே விட்டுப் போகிறாயே!" என்று போட்டிருக்கிறார்களாம். உன் தறிக்கூடத்துப் பெண்கள் எழுத்தையா பார்ப்பார்கள்? உன் அண்ணி மார்த்தா போன பிறகு எனக்கென்று இருப்பது நீ ஒருத்தி. நீயும் வராமல் போனால் நான் என்ன செய்வேன், சொல். தனியாக இருந்து அலுத்துவிட்டது அம்மா.

மழையில்லாத விடுமுறையும் அறுந்துபோகாத நூலும் உனக்கு வாய்க்கட்டும்.

அண்ணன்,
ஐசக் பர்க்கெட்

பின்குறிப்பு: இதை வாங்க வந்த தபால்காரரே உன் அட்டையையும் கொடுத்தார். படம் போன சனிக்கிழமையே வந்துவிட்டதா! கொட்டகையே சிரித்ததா! டிராம் கண்டக்டரான ஹெரால்டுக்கு மட்டும் வாயசைவு படிக்கத் தெரியாததால், "என்னடி சொல்றான் உங்கண்ணன்?" என்று கேட்டானா! நீ எழுதியதை நாலு தடவை படித்தேன்: "கடைசியா நீ சொன்னதை மட்டும் அவர்கிட்ட சொன்னேண்ணா. 'இவங்க ரெண்டு பேரும் கிளம்பிப் போற அன்னிக்கு எனக்குச் சாப்பாடே இறங்கறதில்லடா மோஸ்'னு சொன்னியே, அதை. மனுஷன் கொட்டகையிலேயே அழுதுட்டார். இந்த வருஷம் ஒரு வாரமில்ல, ரெண்டு வாரமாம்." மேலே எழுதியதெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். இரண்டாவது தொடையையும் உப்பில் போட்டுவிட்டேன். நாற்காலியில் அவனே உட்காரட்டும்.