மச்சம் எந்தப் பக்கம்?

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நலமில்லை என்று எழுதினால் தாங்கள் பதறிப்போவீர்கள். ஆகையால் அந்த வரியை இந்த ஒரு முறை விட்டுவிடுகிறேன். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் திருமணத்தன்று என் சட்டையில் ஒரு பொத்தான் குறைந்ததை மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்தே கண்டுபிடித்த கழுகுக் கண் தங்களுக்கு. அந்தக் கண்ணை நம்பித்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விண்ணப்பம். இதைத் தாங்கள் தனியாக இருக்கும்போது படிக்க வேண்டும். என் மனைவி பக்கத்தில் இருந்தால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, அவள் குளிக்கப் போன பிறகு எடுங்கள். அவளிடம் காட்டவே கூடாது. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தங்கள் கைபேசியை எப்போது அழைத்தாலும் அவள்தான் எடுக்கிறாள். "சாப்டீங்களா? அண்ணன் படுத்திருக்கார். கை வேலையா இருக்கேன், வச்சிடறேன்" என்று மூச்சு விடாமல் சொல்லி வைத்துவிடுகிறாள். பட்டப்பகல் பதினொரு மணிக்குத் தாங்கள் படுத்திருக்கிறீர்களாம்! என்னைத் தங்களிடம் பேசவிடக் கூடாது என்று அவள் முடிவு செய்துவிட்டாள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. கோபம் நியாயமானது. அவள் இந்த வீட்டை விட்டுப் போய் இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. ஏன் வந்தாள் என்று அவள் தங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். என்னை விட்டுக்கொடுத்து ஒரு வார்த்தை பேசுகிறவள் இல்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் அவள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். சர்க்கரை டப்பாவை ஏன் இந்த அலமாரியில் வைத்திருக்கிறாய், துணியை ஏன் இந்தக் கயிற்றில் போடுகிறாய் என்று அலுவலகத்தில் கேட்க முடியாத கேள்விகளையெல்லாம் அவளிடம் கேட்டேன். ஒருநாள் அவள் ஒரு துண்டுத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஆறே சனிக்கிழமைகளில் பழைய முறைப்படி உருவப்படம் வரையக் கற்றுத்தரப்படும், பெரியவர்களுக்கு மட்டும், முன்அனுபவம் தேவையில்லை என்று போட்டிருந்தது. "போயிட்டு வாங்க. மூணு மணி நேரமாவது எனக்கு வீட்ல காத்து வரட்டும்" என்றாள். அவளே அனுப்பி வைத்தாள், மைத்துனரே. 

வகுப்பு ஓர் அச்சகத்தின் மாடியில் நடந்தது. கீழே இயந்திரம் ஓடும்போது மேலே எங்கள் முக்காலிகள் நடுங்கும். முதல் வாரம் மூக்கு உடைந்த ஒரு வெள்ளைப் பிளாஸ்டர் தலையை எங்கள் முன்னால் வைத்து, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அளக்கச் சொன்னார் ஆசிரியை. எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவள் வயதுதான் இருக்கும், ஆனால் குரலில் ஒரு அதிகாரம். "மூளை சொல்றத வரையாதீங்க. கண்ணு பார்க்கறத மட்டும் வரைங்க" என்பார். தலையின் சரிபாதியில்தான் கண் இருக்கிறதாம். நான் அறுபத்தோரு வருடமாக அது இன்னும் மேலே இருப்பதாக நம்பி வாழ்ந்திருக்கிறேன். என் பக்கத்தில் ஒரு பல் மருத்துவர். எந்த முகத்தையும் அவர் வாயிலிருந்துதான் தொடங்குவார், ஆறு வாரத்தில் வாயைத் தாண்டவே இல்லை. அவரைப் பார்த்து நான் மனதுக்குள் சிரித்தேன். பிறரைப் பார்த்துச் சிரித்தால் என்ன ஆகும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

அளக்கும் வித்தை எனக்குப் பித்தாகப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து கரண்டியை நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடி, அடுப்படியில் நின்ற தங்கள் தங்கையை அளந்தேன். "இந்த வயசுல என்ன கண்ணடிக்கறீங்க!" என்று அவள் சிரித்தாள். அவள் தலையின் நீளத்தையே அளவுகோலாக வைத்து, மொத்தம் ஆறே முக்கால் தலை உயரம் என்று குறித்துக்கொண்டேன். அளந்தேனே தவிர அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது.

ஐந்தாவது வாரம் வந்தது வினை. அன்று எதிரில் சிலையும் இல்லை, ஆளும் இல்லை. "கண்ணை மூடுங்க. உங்க வாழ்க்கையில நீங்க ரொம்ப நாள் பார்த்த முகம் எதுவோ, அதை ஞாபகத்துல கொண்டுவாங்க. அதை வரைங்க" என்றார் ஆசிரியை. யாரை வரையப் போகிறோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். நான் முந்திரிக்கொட்டை போல எழுந்து "என் மனைவி" என்றேன். வகுப்பே கைதட்டியது. பெருமையோடு உட்கார்ந்து கண்ணை மூடினேன். அவள் முதுகு வந்தது. தம்ளரை நீட்டும் கை வந்தது. "மணி என்ன ஆச்சுன்னு பார்த்தீங்களா" என்ற குரல் வந்தது. முகம் வரவில்லை, மைத்துனரே. கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு என்பது நன்றாகத் தெரியும். இடதா வலதா என்று தெரியவில்லை. முப்பத்தாறு வருடம் செய்தித்தாளின் மேல்விளிம்புக்கு அந்தப் பக்கம் அவள் நின்றிருக்கிறாள். நான் தாளை இறக்கியதே இல்லை போலிருக்கிறது.  சும்மா உட்கார்ந்திருந்தால் மானம் போகும் என்று கரித்துண்டைத் தாளில் வைத்தேன். கை தானாக ஓட ஆரம்பித்தது. புருவம் வந்தது, இமை வந்தது, உதட்டோரத்தின் சுழிப்பு வந்தது. அடடா, எல்லாம் நினைவில் இருக்கிறதே என்று மகிழ்ந்துபோய்க் கண்ணைத் திறந்து பார்த்தால், எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர்.

இருபத்தாறு வருடம் அந்த ஆளுக்கு நேரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தேன். இடது புருவம் ஏறினால் விடுப்புக் கிடையாது, உதடு சுழித்தால் கோப்பு திரும்பி வரும் என்று பயந்து பயந்து பார்த்த முகம். அது விரல் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குக் கண்காணிப்பாளராய் முடிந்தது. ஆசிரியை நெருங்கி வந்துகொண்டிருந்தார். அவசர அவசரமாக மீசையை அழித்தேன். தலையில் ஒரு கொண்டையைப் போட்டேன். காதில் என் மனைவியின் தோட்டை மாட்டினேன். தோடு மட்டும் நன்றாக நினைவிருந்தது, நான் வாங்கிக் கொடுத்ததல்லவா! ஆசிரியை படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "இந்த வகுப்பிலயே உயிரோட்டமான முகம் இதுதான். மனைவி மேல உங்களுக்கு எவ்வளவு மரியாதை! கொஞ்சம் பயம் கூடத் தெரியுது" என்றார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மறுபடியும் கைதட்டினார்கள். மென்று விழுங்கிவிட்டேன். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

ஆறாவது சனிக்கிழமை கண்காட்சி, குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். "கூட்டமா இருக்கும், கரித்தூள் ஒட்டும், உனக்குத் தும்மல் வரும்" என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. எதிர் வீட்டம்மாவிடம் "என்னை வரைஞ்சிருக்காராம்" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாள். நல்ல சேலை ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு, எதிர் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மாடிப்படி ஏறும்போது தலையை ஒருமுறை சரி செய்துகொண்டாள். அதையும் நான் அவள் பின்னாலிருந்துதான் பார்த்தேன்.

என் படம் சுவரின் நடுவில் மாட்டியிருந்தது. கீழே "என் மனைவி, நினைவிலிருந்து" என்று ஒரு அட்டை. எதிர் வீட்டம்மா படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, "உங்க ஜாடை... கொஞ்சம் இருக்குங்க" என்று நாகரிகமாக இழுத்தார். அவள் படத்தின் கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "மீசையை மட்டும் எடுத்துட்டீங்க" என்றாள்.

 அந்தக் கண்காணிப்பாளரை அவள் தன் வாழ்நாளில் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறாள். எனக்குப் பிரிவுபசாரம் நடந்த அன்று ஒரு முறை, அதற்கு முன் எங்கோ ஒரு கல்யாணத்தில். இரண்டு முறை பார்த்த முகத்தை அவள் கொண்டைக்கும் தோட்டுக்கும் பின்னாலிருந்து கண்டுபிடித்துவிட்டாள். தினமும் பார்த்த முகத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கத்தாமல், கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, "இவரை நல்லா கவனிச்சுக்கிட்டீங்க, ரொம்ப நன்றி" என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டு இறங்கினாள்.

பேருந்தில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அன்றைக்குத்தான், முப்பத்தாறு வருடத்தில் முதல்முறையாக, அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. எனக்குக் கிடைத்தது ஒரு காது மட்டும். அதையாவது ஒழுங்காகப் பார்ப்போம் என்று பார்த்தேன். தோட்டுக்கு மேலே இன்னொரு துளை இருந்து தூர்ந்துபோயிருக்கிறது, மைத்துனரே! எப்போது குத்தியது, எப்போது தூர்ந்தது, ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அந்தக் காதை அப்படியே வரைந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். அவள் அதைப் பார்த்தாளா என்றே தெரியவில்லை.

மறுநாள் காலை நான் கரித்துண்டைச் சீவிக்கொண்டிருந்தேன். அவள் பையோடு வாசலில் நின்று நீளமாக ஏதோ சொன்னாள். திட்டுகிறாள் என்று நினைத்தேன். அவள் திட்டும்போது குறுக்கே பேசாமல் இருப்பது என் நெடுநாள் அனுபவம். ஆகவே தலை நிமிராமல் "சரி, சரி" என்றேன். கடைசியில் "அண்ணன் வீட்டுக்கு" என்பது மட்டும் காதில் விழுந்தது. நிமிர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது.

இந்தப் பதினோரு நாளும் நான் ரொட்டியும் வாழைப்பழமும் தின்று உயிர் வாழ்கிறேன். எதிர் வீட்டம்மா தினமும் கையில் ஒரு பாத்திரத்தோடு வந்து கதவைத் தட்டுகிறார். படத்தைப் பற்றிக் கேட்டுக் குத்திக்காட்டத்தான் வருகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிடுகிறேன். மற்ற நேரமெல்லாம் அவள் முகத்தை வரைகிறேன். இருபத்து மூன்று தாள் ஆகிவிட்டது. மச்சத்தை இடது கன்னத்தில் வைத்தால் வலது கன்னம் வெறிச்சென்று இருக்கிறது, வலதில் வைத்தால் வேறு யாரோ மாதிரி இருக்கிறது. ஒரு தாளில் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தேன். அதைத் தாங்கள் பார்க்க வேண்டாம். புகைப்படங்களைத் தேடினேன். திருமணப் படத்தில் தலை குனிந்திருக்கிறாள். அதற்குப் பிறகு எல்லாப் படத்தையும் எடுத்தவளே அவள்தான். எங்கள் ஆல்பம் முழுக்க நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஆகவே தாங்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். அவள் காபி கொடுக்கும்போது சந்தேகம் வராதபடி கூர்ந்து பார்த்து, மச்சம் எந்தக் கன்னத்தில் என்று எழுதுங்கள். அவளுக்கு இடமா, பார்ப்பவருக்கு இடமா என்பதையும் தெளிவாகக் குறிப்பிடவும். சரியாக வரைந்த ஒரு படத்தோடு நேரில் வந்து நின்றால் ஒருவேளை என்னோடு திரும்பி வருவாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று தாங்கள் கேட்கலாம். கேளுங்கள், எனக்கு வேண்டியதுதான். தாங்கள் தனிக்கட்டை, தங்களுக்குப் பார்க்கத் தவறிய முகம் என்று ஒன்று கிடையாது. எனக்கு இருந்தது ஒரே ஒரு முகம், மச்சான். அதைக்கூட நான் பார்க்கவில்லை.

வயதில் மூத்த தங்கள் பாதங்களுக்கு என் வணக்கம். தங்கள் ஆசி எனக்கு வேண்டும், இப்போது கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். தங்கள் தங்கைக்கு என்ன சொல்வது என்று தெரியாததால் இந்த இடத்தில் ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.



இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடினேன். அது ஃபிரிட்ஜின் மேலே இருந்தது. எடுக்கும்போது கை பட்டுக் காதுப் படம் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தால், காதுக்குக் கீழே இருந்த வெற்றிடம் முழுக்க அவள் கையெழுத்து. அப்படியே தருகிறேன்: "காது சரியா இருக்கு. என் காதுதான். மேல் துளை தூர்ந்து முப்பது வருஷம் ஆச்சு, இப்பவாவது கண்ல பட்டுதே. போன வாரத்துல இருந்து மூணு தடவை சொல்லிட்டேன், நீங்க காதுல வாங்கல, அதனால எழுதி வைக்கறேன். அண்ணனுக்குக் கண் ஆபரேஷன். மூணு வாரம் குனியக் கூடாது, எதையும் படிக்கக் கூடாது, வேளாவேளைக்கு மருந்து விடணும். முடிஞ்சதும் வந்துடுவேன். எதிர் வீட்டம்மா தினம் சாப்பாடு கொண்டுவருவாங்க, கதவைத் திறங்க. படத்தைப் பத்தி வந்து பேசிக்கலாம்." பதினோரு நாளாக ஒரு நாளைக்கு இருபது முறை அந்த ஃபிரிட்ஜ் கதவின் முன்னால் நின்று, நான் வரைந்த காதை மட்டும் ரசித்திருக்கிறேன். கழுகுக் கண் என்றும் கண் கெட்ட பிறகு என்றும் மேலே எழுதியதற்குத் தாங்கள் என்னை மன்னிக்க வேண்டும். தாங்கள் எதையும் படிக்கக் கூடாது என்றால், இந்தக் கடிதத்தை இப்போது தங்கள் கட்டிலருகில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருப்பது யார் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. கிழித்துப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, ஆகவே தபாலில் சேர்க்கிறேன். படித்துக்கொண்டிருப்பவளுக்கு: மச்சம் எந்தப் பக்கம் என்று எனக்கு எழுதிவிடாதே. அண்ணனுக்குக் கண் தெளிந்ததும் வா. வந்து ஜன்னலோரமாகவே உட்கார், ஆனால் வெளியே பார்க்காமல் என் பக்கம் திரும்பி உட்கார்.