பெரியப்பா தட்டில் வைத்துக் கொடுத்த சர்ட்டிபிகேட்

சிவகாசி,
வியாழக்கிழமை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகள் பானுப்பிரியா வணங்கி எழுதுவது. இங்கே நான் நலம். எம். புதுப்பட்டியில் நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருக்க இருக்கன்குடி மாரியம்மன் துணை இருக்கட்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடுதாசி என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "சரி பெரியப்பா" என்பேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடுதாசி.

நீங்கள் சேர்த்துவிட்ட வேலையில்தான் இருக்கிறேன். முதலாளி கனகசபாபதி ஐயாவின் மையத்திலிருந்து வீடுகளுக்கு நர்ஸ் அனுப்புகிறோம், கட்டுப்போடும் துணியும் வாங்கி அனுப்புகிறோம். போன வாரம் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, எங்களோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டுமென்றால் ஒன்று கேட்டது. நாங்களோ, எங்களுக்குச் சரக்குக் கொடுக்கிறவர்களோ யாரையும் அடிமைபோல் பிடித்து வைக்கவில்லை என்று நேரில் பார்த்து எழுதித் தரவேண்டுமாம். ஐயா என்னைக் கூப்பிட்டார். "நீ டிகிரி படிச்ச பிள்ள. அதைவிட, வாயே தொறக்க மாட்ட. இந்த அடிமை ஒழிக்கிற வேலைக்கு ஒன்னைவிட்டா ஆளு இல்ல" என்றார். சொல்லிக்கொண்டே பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். என் பட்டச் சான்றிதழ் அந்தப் பீரோவில்தான் இருக்கிறது. நம் குடும்பத்துக்கு வந்த முதல் பட்டம். அதை நீங்கள்தான் வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டில் வைத்து, "இனி எங்க பிள்ள ஒங்க பிள்ள, இது ஒங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும்" என்று நீட்டினீர்கள். நிச்சயதார்த்தம் மாதிரி இருந்ததென்று நர்ஸ் முருகேஸ்வரி அக்கா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். அவள் சர்ட்டிபிகேட்டும் அதற்குள்ளேதான்.

செவ்வாய்க்கிழமை விஸ்வநத்தம் பக்கம் லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் ஷெட்டுக்குப் போனேன். வெளியூர்ப் பிள்ளைகள் அங்கேயே தங்கி எங்களுக்கு பேண்டேஜ் துணி வெட்டிச் சுருட்டுகிறார்கள். தீபாவளிக்கு முன்னால்தான் எல்லா ஆஸ்பத்திரியும் பேண்டேஜுக்கு ஆர்டர் போடும், ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்தில் ஆபீசர் வருகிறார் என்றால் என்ன செய்வார்கள் என்பதும் பட்டாசுக் கம்பெனி போர்மேனான உங்களுக்குத் தெரியும். ஷெட்டில் ஒரு ஆள் இல்லை. "எல்லாரும் இருக்கன்குடிக்குப் போயிருக்காகம்மா, வேண்டுதலு" என்றார் அண்ணாச்சி. வாசலில் பிள்ளைகளின் செருப்பு குவிந்து கிடந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து, "வெறுங்கால் வேண்டுதலு" என்றார். உள்ளே எல்லா மின்விசிறிகளும் சுற்றிக்கொண்டிருந்தன. அதற்கு என்ன வேண்டுதல் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. எனக்குக் குடிக்கக் கலர் வாங்கிவருவதாகச் சொல்லி அவர் வெளியே போனார். உடனே பாத்ரூம் கதவு கொஞ்சமாகத் திறந்தது. அவசரத்தில் மற்றவர்களை வேனில் ஏற்றி ஒளித்தபோது விட்டுப்போன ஒரு பிள்ளை, பெயர் மாரிசெல்வி, தலையை மட்டும் நீட்டி, "அக்கா, ஆபீசர் போயாச்சா?" என்றாள்.

நான்தான் ஆபீசர் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. என் பையைப் பார்த்துவிட்டு அவளே முடிவு செய்துகொண்டாள். "புதுசா வேலைக்குச் சேர வந்தீகளா? ஆதாரக் குடுத்துராதீகக்கா. போனையும் குடுத்துராதீக. குடுத்தா வாங்க முடியாது. எங்க அம்மாவுக்கு வயித்துல ஆபரேசன் பண்ணிக் கெடக்கு, போகணும்னு அழுது பாத்துட்டேன். சீசன் முடியட்டும்ங்காரு, கேட்டுல பூட்டு" என்றாள். வெளியே அண்ணாச்சி இருமும் சத்தம் கேட்டது. என் நம்பரை அவள் உள்ளங்கையில் எழுதினேன். கதவு மூடிக்கொண்டது.

கலரோடு வந்த அண்ணாச்சியிடம், பிள்ளைகளின் ஆதார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். அந்த ஒரு கேள்விக்கே பாதிக் கலரைக் குடிக்கவேண்டியிருந்தது. அண்ணாச்சி கோபப்படவில்லை, சிரித்தார். "தொலைச்சிருவாகன்னு நாந்தேன் பத்திரமா வச்சிருக்கேன். ஒங்க ஐயா சொல்லிக்குடுத்த வழிதானம்மா. ஏன், ஒங்க சர்ட்டிபிகேட்டு எங்கன இருக்கு?" என்றார். மீதிக் கலரை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வந்து ஐயாவிடம் சொன்னேன். "லட்சுமிகாந்தம் தங்கமான ஆளு. எல்லாம் சரியா இருக்குன்னு எழுது. ஒன் சர்ட்டிபிகேட்டப் பத்திக் கவலைப்படாத, அது எங்கயும் போகாது" என்றார். எங்கேயும் போகாது என்பதுதான் பெரியப்பா என் கவலை. ஆனாலும் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பெரிய இடம், அடக்கமாக இரு என்பீர்கள். அதனால் நாளைக் காலை எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம். அம்மாவிடம் எதுவும் சொல்லவேண்டாம். பெரியம்மாவின் முட்டிவலிக்கு எங்கள் மையத்துத் தைலம் அடுத்த தடவை கொண்டுவருகிறேன். பெரியவர்கள் பாதங்களுக்கு என் நமஸ்காரம், சின்னதுகளுக்கு என் ஆசை முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத மகள்
பானுப்பிரியா

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று காலை எல்லாம் சரி என்று கம்ப்யூட்டரில் அடிக்க உட்கார்ந்தேன். "ஆபீசர் போயாச்சா" என்ற குரல் காதைவிட்டுப் போகவில்லை. எங்கள் பீரோவில் நர்ஸுகளின் சான்றிதழ்களும் என்னுடையதும் பூட்டிக் கிடக்கின்றன என்று முதல் வரியாக எழுதினேன். அடுத்து ஷெட்டைப் பற்றி எழுதினேன். யாரிடமும் காட்டாமல் சென்னைக்கு அனுப்பிவிட்டேன். மத்தியானமே சென்னையிலிருந்து ஐயாவுக்குப் போன் வந்தது, நாளை அங்கிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஐயா அண்ணாச்சிக்குச் சொல்ல, அண்ணாச்சி தனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தார், ஷெட்டைக் காலி பண்ணினார். இந்தத் தடவை ஆதாரும் போனும் தன்னிடம் இருந்து அகப்படக் கூடாதென்று அவரவர் கையில் திணித்து, எல்லாரையும் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டாராம். சாயங்காலம் மாரிசெல்வி தன் போனிலிருந்து பேசினாள். "அக்கா, அம்மா பக்கத்துல இருக்கேன். செருப்புப் போட்டுத்தான் வந்தேன்" என்றாள்.

ஐயா இன்னும் பீரோவைத் திறக்கவில்லை. முருகேஸ்வரி அக்காவும் மற்ற நர்ஸுகளும் அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்கும் ஒன்று போட்டிருக்கிறார்கள். உங்கள் கம்பெனி வேன் டிரைவர் முனியராஜ் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். காலை முதல் பஸ்ஸில் வாருங்கள். நீங்கள் கொடுத்ததை நீங்களேதான் கேட்டு வாங்கவேண்டும். தட்டு கொண்டுவர வேண்டாம், ஒரு பை போதும்.